முதலில் நிற்கப் பழக்குங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் திடலில் விட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஓடத் தெரியும். நிற்கத்தான் தெரியாது. வேப்பமரம் வரை ஓடுகிறவன் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பான். இன்னொருத்தி சுவரில் இரண்டு கையையும் ஊன்றுவாள். மூன்றாமவன் முன்னால் போகிறவன் முதுகில் மோதி, இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். முதலுதவிப் பெட்டியை நான் திறந்த நாட்களை யோசித்துப் பார்க்கிறேன். நேராக ஓடும்போது விழுந்தவர்கள் குறைவு. நிற்கப் போய் விழுந்தவர்களும் திரும்பப் போய் விழுந்தவர்களும்தான் அதிகம்.

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னந்தோப்பும் கடலைக்காடும் சூழ்ந்த ஒரு எல்.பி. ஸ்கூலில் தமிழ் மீடியம் டீச்சராக இருக்கிறேன். ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகள். விளையாட்டுக்குத் தனி ஆசிரியர் கிடையாது. கணக்கு சொல்லிக்கொடுக்கிற நானேதான் திடலுக்கும் போகிறேன். பதினேழு வருஷம் இப்படிப் போனதில் கற்றுக்கொண்டதை, என்னைப் போலவே தனியாகத் திடலில் நிற்கிற டீச்சர்களுக்கும், வீட்டு வாசலில் பிள்ளையோடு விளையாட நினைக்கிற அப்பா அம்மாவுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் பாலக்காடு மாவட்டம் ஓட்டத்துக்குப் பேர் போனது. முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றவர். அதனால் பெற்றோர் வந்து, "ஏனுங்க டீச்சர், எம்பையனை ரேசுல உடுங்க, நல்லா ஓடுவானுங்க" என்பார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையை ரேஸில் விட்டால், யார் ஏற்கெனவே வேகமாக ஓடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியவரும், அவ்வளவுதான். பிள்ளை புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. இந்த வயதில் கற்க வேண்டியது வேறு: நிற்பது, ஒற்றைக் காலில் நிலைப்பது, குதித்து இறங்குவது, கண் பார்க்கிற இடத்துக்குக் கையையும் காலையும் கொண்டுபோவது, அப்புறம் சட்டென்று திசை மாற்றுவது. நான் சொல்லிக்கொடுப்பதும் இதே வரிசையில்தான்.

தொடங்கும் முன்

வெறுங்காலோடு விடுங்கள். கால்விரல்கள் மண்ணைப் பற்றுவதும், உள்ளங்கால் மேடு பள்ளத்தை உணர்வதும் சமநிலையில் பாதி வேலை. கனத்த ஷூவுக்குள் அது நடக்காது. ஆனால் முதலில் நீங்கள் திடலை ஒரு சுற்று நடந்து பாருங்கள். நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு, தென்னை மட்டை கழன்று விழுகிற மரத்தடி, இந்த மூன்றையும் கவனித்தால் போதும். நான் வாரம் ஒருமுறை நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "முள் பொறுக்கும் படை" என்று நடத்துவேன். அதைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மார்ச் மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும். பத்து மணிக்குப் பள்ளி தொடங்கியதும் முதல் பீரியடு, இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல். நடுவில் வேண்டாம். மண் சுடுகிற நாளில் வெறுங்காலும் வேண்டாம், நிழலுக்குப் போய்விடுங்கள். மதியச் சோறு உண்டதும் குதிக்க விடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. கயிறு பத்துப் பதினைந்து முழம், சாக்பீஸ், பழைய சைக்கிள் டயர் நான்கைந்து, செங்கல், கிழிந்த சேலையிலிருந்து கிழித்த பட்டைகள், துணிப் பந்து, பலூன், தேங்காய்ச் சிரட்டை. விசில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விசில் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பயந்து நிற்பார்கள், காது கொடுத்து நிற்க மாட்டார்கள். நான் ஒரு பழைய சில்வர் தட்டும் கரண்டியும் வைத்திருக்கிறேன்.

நிற்பது

தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும்போது நடக்க வேண்டும். தட்டுவது நின்றால் நிற்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. முதல் நாள் நடை மட்டும். இரண்டாம் நாள் வேக நடை. மெல்லோட்டம் மூன்றாம் நாளைக்கு மேல். அவசரப்பட்டு முதல் நாளே ஓட விட்டால் மோதிக்கொள்வார்கள்.

பிள்ளை ஏன் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை நிறுத்திவிடுகிறது, ஆனால் தலையும் மார்பும் வந்த வேகத்திலேயே முன்னால் போகின்றன. உடம்பின் கனம் பாதத்துக்கு வெளியே போனதும் விழ வேண்டியதுதான். ஆகவே மூன்று காரியம் சொல்லிக்கொடுக்க வேண்டும்: கடைசி மூன்று அடியைச் சின்னதாக்குவது, பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரிப்பது, முட்டியை மடக்கி இடுப்பை இறக்குவது. இதைப் பாடமாகச் சொன்னால் ஒருவர் மண்டையிலும் ஏறாது. நான் "டக், டக், டக், உட்கார்" என்பேன். உட்கார் என்றால் நாற்காலியில் உட்காரப் போகிறவர் பாதியில் நின்ற மாதிரி. வகுப்பு முழுக்க டக், டக், டக் என்று கத்திக்கொண்டே நிற்கும். அந்தச் சத்தமே அவர்கள் கால்களைச் சின்ன அடி வைக்க வைக்கிறது.

நின்றபின் மூன்று எண்ணும் வரை அசையக் கூடாது. இரண்டு வாரத்தில் ஐந்தாக்குங்கள். அடுத்தது, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு முன்னால் கால்விரல் படாமல் நிற்பது. அதற்கடுத்தது, நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்குவது. யார் குதிகால் தரையில் ஒட்டவில்லை, யார் நின்றபின் இரண்டு அடி கூடுதலாக வைக்கிறார்கள், யார் கையை வீசித் தப்பிக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததையெல்லாம் திருத்தப் போகாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. "முட்டி" என்று மட்டும் சொன்னால் போதும்.

குதித்து இறங்குவதும் நிற்பதின் தங்கைதான். எங்கள் வராந்தாவுக்கு ஒரே படி, ஒரு சாண் உயரம் இருக்கும். அதிலிருந்து பூனை மாதிரி இறங்கச் சொல்வேன். சத்தம் கேட்கக் கூடாது. விரல் முதலில், பின்பு குதிகால், முட்டி மடங்கி, இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முட்டாமல் வெளியே பார்த்தபடி. கண்ணை மூடிக்கொண்டு நான் நிற்பேன், யார் இறங்கினார்கள் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் கேட்காமல் இறங்கிவிட்டால் அவர்களுக்கு அன்றைக்குத் திருவிழாதான். விரைத்த காலோடு தொம்மென்று இறங்குகிற பிள்ளை கணுக்காலைச் சுளுக்கிக்கொள்ளும். அதனால் இது சரியாகும்வரை பச்சைக்குதிரையோ நீளத் தாண்டலோ தொடங்குவதில்லை.

சமநிலை

உடம்பு சாயாமல் இருக்க மூன்று இடத்திலிருந்து செய்தி போகிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் திரவம் அசைந்து, தலை எப்பக்கம் போகிறது என்று மூளைக்குச் சொல்லும். கிறுகிறுவென்று சுற்றி நின்றபின்னும் உலகம் சுற்றுவது, அந்தத் திரவம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான். இரண்டாவது, தசையும் மூட்டும் உள்ளங்காலும் தருகிற செய்தி. மூன்றாவது கண். சின்னப் பிள்ளைகள் கண்ணையே மிகவும் நம்புவார்கள். ஏழு வயதுக்கு மேல்தான் மற்ற இரண்டும் மெல்ல மெல்லக் கைகொடுக்கத் தொடங்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் உடனே சாய்வது இதனால்தான். அது குறையில்லை, வயது.

ஒற்றைக் காலில் நிற்கும்போது பார்வையை எங்காவது நிறுத்தச் சொல்லுங்கள். "கொடிக்கம்பத்து நுனியைப் பாரு" என்றால் ஆட்டம் பாதி குறையும். ஆறு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பத்து எண்ணும் வரை நின்றுவிடுவார்கள். இரண்டு காலிலும் பார்க்க வேண்டும், ஒரு கால் அநேகமாகச் சவலையாக இருக்கும். நிலைத்தபின் ஒவ்வொன்றாகக் கடினமாக்கலாம்: கை கட்டி நிற்பது, தலையைத் திருப்பிப் பக்கத்துப் பிள்ளையின் விரலை எண்ணுவது, மடித்த சாக்கின் மேல் நிற்பது, எதிரில் இருப்பவரோடு துணிப் பந்தைக் கை மாற்றுவது. கண்ணை மூடுவது மூன்றாம் வகுப்புக்கு மேல் போதும்.

நடக்கும் சமநிலைக்கு எங்களுக்கு வரப்பு இருக்கிறது. வயல் வழியாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். வரப்பில் எதிரே ஆள் வந்தால் உடம்பை ஒருக்களித்து வழிவிட்டுப் போவார்கள், ஒரு துளி தடுமாற்றம் இருக்காது. ஆட்டோவில் வந்து கேட்டில் இறங்குகிற பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வருவதற்கு வழியில்லை. அதனால் திடலில் வரப்பைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முதலில் இரண்டு கோடு, நடுவில் ஒரு சாண் இடம், அதற்குள் நடை. பின்பு ஒரே கோடு. பின்பு தரையில் கிடத்திய கயிறு, அதை உள்ளங்காலால் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். கடைசியில் வரிசையாகப் பதித்த செங்கல். ஜிம்னாஸ்டிக்ஸில் வீராங்கனைகள் ஏறுகிற கட்டை 10 சென்டிமீட்டர் அகலம்தான். செங்கல் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே வரும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார்கள்.

அப்புறம் சும்மாடு. எங்கள் ஊரில் இன்றும் பெண்கள் புல்லுக்கட்டைச் சும்மாடு வைத்துத் தூக்கி வருகிறார்கள். பழைய துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டுவதை ஒரு பிள்ளையின் அம்முச்சியை வரவழைத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தேன். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு நோட்டுப் புத்தகம், கீழே கயிறு. "கழுத்த நட்டுக்கோ கண்ணு, கண்ணு தொலைவுல இருக்கோணும்" என்று அம்முச்சி சொன்னார். நான் பத்து நாளாகத் "தலையை நேராக வை" என்று சொல்லி வராத நிமிர்வு, அந்த ஒரு துணி வளையத்தால் வந்துவிட்டது.

சிரட்டை நடைதான் பிள்ளைகள் வருஷம் முழுவதும் கேட்பது. செய்வது இப்படி. தேங்காய்க்கு மூன்று கண், அதில் ஒன்று மெல்லியது, குச்சியால் குத்தினாலே திறக்கும். கண் உள்ள பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒரு ஜோடிக்கு இரண்டு தேங்காய் வேண்டும். நன்றாக முற்றிய சிரட்டையாக எடுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்துச் சமமாக்குங்கள். மெல்லிய கண் வழியாகக் கயிற்றை விட்டு, உள்பக்கம் பெரிய முடிச்சாகப் போடுங்கள். கயிறு பிள்ளையின் இடுப்பு உயரமும் முடிச்சுக்கு ஒரு சாணும் இருக்கட்டும். சிரட்டையைக் கவிழ்த்து, கயிறு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வர ஏறி நிற்க வேண்டும். கையில் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தால் கையும் காலும் சேர்ந்து எழும். சமநிலையும் ஒருங்கிணைப்பும் ஒரே சாமானில் வந்துவிடும். முதலில் மண்ணில் மட்டும், சிமென்ட்டில் வழுக்கும். ஒவ்வொரு முறையும் ஏறும் முன் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கையும் கண்ணும் காலும்

பந்து பிடிப்பதில்தான் பெரியவர்கள் அதிகம் தவறு செய்கிறோம். கிரிக்கெட் பந்தையோ டென்னிஸ் பந்தையோ ஆறு வயதுப் பிள்ளையிடம் எறிந்துவிட்டு, "பிடி, பிடி" என்று கத்துகிறோம். பிள்ளை முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடும். பந்து நெஞ்சில் படும். அடுத்த முறை அதற்குப் பந்தைக் கண்டாலே பயம்.

பலூனில் தொடங்குங்கள். பலூன் மெதுவாக வரும், கண்ணுக்குத் தொடர்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். பலூனுக்கு அடுத்து மெல்லிய துப்பட்டாத் துண்டு, அதன்பின் கால்பந்து அளவு மென்பந்து. நேராக எறியாமல், தரையில் ஒருமுறை குத்தி எழும்பி வரட்டும். குத்தி வரும் பந்து வேகம் குறைந்து, எங்கே வரும் என்று ஊகிக்க இடம் தரும். பந்து நன்றாகப் பழகியபின்தான் கைக்கு அடங்குகிற துணிப் பந்து. எறிவதற்கு ஒரே ஒரு குறிப்பு: வலது கையால் எறிந்தால் இடது கால் முன்னால். ஒரே பக்கக் கையும் காலும் முன்னால் போகிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். இடது பாதத்துக்கு முன்னால் ஒரு வட்டம் வரைந்து, "எறியும்போது வட்டத்துக்குள்ள மிதி" என்றால் சரியாகிவிடும். இடக்கைப் பிள்ளைக்கு வட்டத்தை மாற்றிப் போட மறக்காதீர்கள், அந்தப் பிள்ளையைக் கை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒருங்கிணைப்புக்கு எனக்குக் கிடைத்த சிறந்த பாடம் கும்மியும் கோலாட்டமும். இதில் நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்: கடையில் வாங்குகிற எந்தச் சாமானும் கோலாட்டக் குச்சிக்கு ஈடில்லை. வலது குச்சி உடம்பின் நடுவைக் கடந்து எதிராளியின் குச்சியைத் தட்ட வேண்டும், இடது குச்சியும் அதேபோல், கால் தாளத்துக்கு நகர வேண்டும், கண் எதிரில் இருப்பவர் மேல் இருக்க வேண்டும். ஒரு கை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது சின்னப் பிள்ளைகளுக்கு எளிதில் வராது. கோலாட்டத்தில் அது ஆயிரம் முறை நடந்துவிடுகிறது, அவர்களுக்கே தெரியாமல். கொங்குப் பக்கம் இப்போது வள்ளி கும்மிக்குப் புது உயிர் வந்திருக்கிறது. அதனால் எங்கள் ஊர் அம்மாக்கள் பலருக்கு அடவு தெரியும். அவர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.

கும்மியைத் தொடங்கும்போது கையையும் காலையும் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் நின்றபடி கைத்தட்டு மட்டும். இரண்டாம் வாரம் கை கட்டிக்கொண்டு அடி மட்டும். மூன்றாம் வாரம் இரண்டையும் சேர்த்தால், குழம்பினாலும் அரை மணி நேரத்தில் வழிக்கு வரும். கயிறு தாண்டலுக்கும் இதே முறை: கயிற்றை ஒரு கையில் மடித்துப் பிடித்துப் பக்கத்தில் சுற்றுவது தனி, கயிறில்லாமல் குதிப்பது தனி, பின்பு சேர்ப்பது.

டயர் உருட்டுவதையும் விட்டுவிடாதீர்கள். பனங்காய் வண்டி செய்யத் தெரிந்த தாத்தா யாராவது இருந்தால் இன்னும் நல்லது. கரும்பனைக்கு எங்கள் தாலுகாவில் பஞ்சமில்லை.

சுறுசுறுப்பு

வேகம் வேறு, சுறுசுறுப்பு வேறு. எதையோ பார்த்து, முடிவெடுத்து, உடம்பைத் திருப்புவதுதான் சுறுசுறுப்பு. தரையில் ஏணி மாதிரிக் கட்டம் போட்டு அதற்குள் காலை மாற்றி மாற்றி வைக்கிற பயிற்சி இப்போது நிறைய வீடியோக்களில் வருகிறது. கால் வைப்புப் பழக அது நல்லதுதான். ஆனால் கட்டம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு முன்பே தெரியும், அங்கே முடிவெடுக்க ஒன்றுமில்லை. எதிரில் இன்னொரு ஆள் இருந்தால்தான் முடிவெடுக்கப் பழகும். அதனால் கட்டத்துக்கு நான் பாண்டி ஆடச் சொல்வேன். மலையாளம் மீடியம் பிள்ளைகள் இதையே அக்குகளி என்பார்கள். நொண்டி, திரும்பி, குனிந்து சில்லை எடுப்பதற்குள் சமநிலை முழுவதும் வந்துவிடும். பாண்டியோடு நிறுத்தாமல் ஓடிப்பிடிக்கிற விளையாட்டுக்குப் போக வேண்டும்.

என் வகுப்பில் எப்போதும் நடப்பது வால் பறித்தல். சேலைப் பட்டையை இடுப்பின் பின்பக்கம் ஒரு முழம் தொங்கும்படி செருகிக்கொள்ள வேண்டும். மற்றவர் வாலைப் பறிக்க வேண்டும், தன் வாலைக் காப்பாற்ற வேண்டும். தொடவோ தள்ளவோ கூடாது. இருபது பிள்ளைகளுக்குப் பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி கட்டம் குறுகல், இருபத்தைந்து அடி வையுங்கள். இடம் கூடினால் வெறும் ஓட்டமாகிவிடும், குறைந்தால் மோதுவார்கள்.

கிளித்தட்டு மூன்றாம் நான்காம் வகுப்புக்கு. கேரளத்திலும் அதற்குக் கிளித்தட்டு என்றே பெயர். கோட்டில் நிற்பவர் கோட்டை விட்டு இறங்க முடியாது, தாண்டுகிறவர் போக்குக் காட்டி ஏமாற்ற வேண்டும். பக்கவாட்டில் நகர்வது, பொய்யாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் பாய்வது, இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள்: திரும்ப வேண்டிய இடத்தில் வெளிப்புறக் காலை ஊன்றி, இடுப்பை இறக்கு. ஜூனில் பழகிய "டக், டக், டக், உட்கார்" இங்கே வந்து நிற்கும்.

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது. தோற்றவர் வெளியே போகிற விளையாட்டை இந்த வயதில் நடத்தாதீர்கள்.

சில வருஷம் முன்பு ஓணக் கொண்டாட்டத்தில் கசேரகளி நடத்தினேன், நாற்காலியைச் சுற்றி ஓடுகிற அதே விளையாட்டு. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் சுற்றிலேயே வெளியேறி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு முடிய இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அடுத்து எலுமிச்சை ஸ்பூன், அதிலும் அவள்தான் முதலில் விட்டாள். அன்று முழுவதும் அவள் கால் அசைந்தது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. நன்றாக ஓடுகிறவனோ ஒரு மணி நேரம் ஓடினான். யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவளை உட்கார வைத்துவிட்டு, யாருக்கு வேண்டாமோ அவனை ஓட வைத்திருக்கிறேன். அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது அந்த மரத்தடி கண்ணை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பின் எல்லா விளையாட்டிலும் விதியை மாற்றினேன். வால் பறிபோனால் வெளியே இல்லை. என்னிடம் வந்து ஒற்றைக் காலில் பத்து எண்ணி நின்றால் புது வால் கிடைக்கும். கசேரகளியில் நாற்காலியைத்தான் எடுப்பேன், ஆளை எடுப்பதில்லை, மீதி நாற்காலிகளில் எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இடம் பண்ணிக்கொள்ள வேண்டும். கடைசி ஒரு நாற்காலியில் பன்னிரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நிற்பதைவிடப் பெரிய சமநிலைப் பயிற்சி எதுவும் எனக்குத் தெரியாது. நீள வரிசையும் வெளியேற்றத்துக்குச் சமம்தான். இருபது பேர் வரிசையில் நின்று ஒருவர் ஒருவராகச் செங்கல் மேல் நடந்தால், ஒரு பிள்ளைக்கு ஒரு பீரியடில் இரண்டு முறைதான் வாய்க்கும். ஐந்து கயிறு போட்டு நான்கு நான்கு பேராகப் பிரித்துவிடுங்கள்.

பின்தங்குகிற பிள்ளை

பந்தைப் பிடிக்கவே வராத ஒரு பையன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். கவனமில்லை என்று நானே அவனை இரண்டு முறை கடிந்திருக்கிறேன். கண் பரிசோதனை முகாமில் அவனுக்குத் தூரப் பார்வை மிகவும் குறைவு என்று தெரிந்தது. கண்ணாடி வந்து மூன்றாவது வாரம் மென்பந்தைப் பிடித்தான். அன்றிலிருந்து பந்து பிடிக்காத பிள்ளைக்கு முதலில் கண்ணையும், அடிக்கடி தடுமாறுகிற பிள்ளைக்குக் காதையும் பார்க்கச் சொல்கிறேன்.

கண்ணும் காதும் சரியாக இருந்தும், மாதக் கணக்கில் பழகியும் சில பிள்ளைகளுக்கு வராது. சட்டைப் பொத்தான், பென்சில் பிடி, படி இறங்குவது, எல்லாவற்றிலும் சேர்ந்து தடுமாற்றம் தெரியும். இயக்க ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு என்று ஒன்று உண்டு. நூற்றில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாமாகப் பெயர் வைக்கக் கூடாது. கேரளத்தில் பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டில் பேசும்போது, "உங்க பிள்ளை மந்தம்" என்கிற தொனி வந்துவிடாமல், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "படி இறங்கும்போது இன்னும் ஒவ்வொரு படியிலும் ரெண்டு காலையும் வைக்கிறாள், நீங்க கவனிச்சீங்களா?"

எவ்வளவு நேரம், எப்படி அளப்பது

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிஷ உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. அதில் பள்ளியில் எனக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் வாரத்துக்கு ஒரு நீண்ட பீரியடை நம்பாமல், தினமும் அசெம்பிளி முடிந்ததும் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். திங்கள் நிற்பதும் இறங்குவதும், செவ்வாய் கயிறும் சும்மாடும், புதன் கும்மி, வியாழன் பந்து, வெள்ளி வால் பறித்தல். ஒரு பெற்றோர் வந்து, "இதுக்குப் பதிலா எழுத வெக்கலாமுங்களே" என்றார். எழுத நிமிர்ந்து உட்கார வேண்டும், உட்கார முதுகும் இடுப்பும் தாங்க வேண்டும், அந்தத் தசைகளைத்தான் காலையில் எழுப்புகிறேன் என்றேன். அடுத்த வாரம் அவரே பழைய டயர் இரண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

அளக்க விரும்பினால், ஃபிளமிங்கோ சோதனை எளிது. கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டில் 5 முதல் 8 வயதினருக்கு அது இருக்கிறது. 50 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் உயரம், 3 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு நிமிஷ நேரத்துக்குள் எத்தனை முறை நிலை தவறுகிறது என்று எண்ண வேண்டும். தச்சரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் செய்து தருவார். ஜூனில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. எண்ணிக்கையை உங்கள் நோட்டில் மட்டும் எழுதுங்கள். வகுப்பில் வாசிக்காதீர்கள், பிள்ளையிடம் அதன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

மழை நாளிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கிற ஆடி மாதத்திலும் வராந்தாவே திடல். ஈரச் சிமென்ட்டில் கயிறும் சிரட்டையும் வேண்டாம், ஒருமுறை துடைத்தோம் என்று நம்பி நான் விட்டதில் ஒரு பிள்ளைக்கு முழங்கை சிராய்த்தது. அன்றைக்குக் கோலாட்டக் குச்சியை எடுத்து, எல்லாரையும் தரையில் சம்மணம் போட்டு எதிரெதிராக உட்கார வையுங்கள். உட்கார்ந்தபடியே முழு ஆட்டமும் ஆடலாம். முடிந்ததும் குச்சிகளை எண்ணி வாங்குங்கள், கயிறுகளைக் காயவைத்து உயரத்தில் மாட்டுங்கள். தேங்காய் நார்க் கயிறு என்றால் எலி விடாது.